வின்சென்ட் தே பவுல் சபையில வீடு சந்திக்கப் போறீங்களா? நான் சொதப்பின இடமெல்லாம் சொல்றேன்

நான் தூத்துக்குடியில துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். மூணு வருஷமா எங்க பங்குல, அதாவது எங்க கத்தோலிக்கக் கோயில்ல, ஏழைங்களுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபையில இருக்கேன். சேர்ந்தப்போ யாரும் என்னை உக்கார வச்சு எதையும் சொல்லித்தரல, "வாங்க தம்பி, போகப் போகப் பழகிரும்"னாங்க, அது பழகுறதுக்குள்ள ரெண்டு வீட்டுல மனக்கஷ்டம் பண்ணிட்டேன், ஒரு அக்காவோட பென்ஷன் என் அவசரத்தால ஏழு மாசம் தள்ளிப்போச்சு. இப்ப எங்க கிளையில புதுசா நாலு பேர் சேர்ந்திருக்காங்க, தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு முடியல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

1833-ல பாரிஸ்ல ஓசானாம்னு இருபது வயசு காலேஜ் பையனும் அவரோட ஆளுங்களும் ஆரம்பிச்சது, ஏழைங்க வீட்டுக்கே நேராப் போறதுதான் அன்னையிலேருந்து முக்கிய வேலை. வரலாறு இவ்வளவு போதும், மிச்சத்தைக் கூட்டத்துல வாசிப்பாங்க. நான் சொல்றது எங்க ஊர்க் கணக்கு, உப்பளமும் கடலும் இருக்கிற ஊரு. உங்க ஊர்ல தீப்பெட்டி ஆபீஸோ பனியன் கம்பெனியோ இருக்கும், நேரங்காலத்தை அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோங்க.

1. சேர்றது எப்படி, எவ்வளவு ஆகும்

இது ரொம்ப ஈசி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கிளைச்சபைத் தலைவர் யாருன்னு கோயில் வேலை பாக்குற உபதேசியார்ட்ட கேட்டாப் போதும். ஃபாதரைத்தான் முதல்ல பாக்கணும்னு இல்ல, சபையை நடத்துறது பொதுநிலையினர்தான், அதாவது நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க, ஃபாதர் ஆன்மீக வழிகாட்டியா கூட இருப்பார். எங்க கிளையில என்கிட்ட ஆதார் ஜெராக்ஸ் கூட கேக்கல, பேரும் அன்பியமும் (பங்குல தெரு வாரியாப் பிரிச்ச சின்னக் குழு) ஃபோன் நம்பரும் எழுதிக்கிட்டாங்க அவ்வளவுதான். சந்தா, அட்மிஷன் ஃபீஸ் எல்லாம் கிடையாது.

பணம்னு போனா ரகசியப் பை ஒண்ணுதான். ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒரு துணிப்பை சுத்தி வரும், கையை மூடி உள்ள விட்டு எடுக்கணும், யார் எவ்வளவு போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. பத்து ரூபா போடலாம், ஒண்ணும் போடாமலும் கையை விட்டு எடுக்கலாம், அதுக்குத்தான் பையை மூடி வச்சிருக்காங்க. நான் முதல் நாள் நோட்டை மடிக்காம எல்லாரும் பாக்குற மாதிரி போட்டேன், பக்கத்துல இருந்த பெரியவர் என் கையைப் பிடிச்சு பைக்குள்ள தள்ளிவிட்டார்.

கூட்டம் ஒரு மணி நேரம் ஆகும். ஜெபம், ஒரு வாசகம், போன வார அறிக்கை, வரவு செலவு, யார் எந்த வீட்டுக்குப் போனாங்கன்ற தகவல், பை, கடைசி ஜெபம். வாரா வாரமோ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ நடக்கும். முதல் நாலு கூட்டம் சும்மா உக்காந்து கேளுங்க, வந்த அன்னைக்கே "எனக்கு ஒரு குடும்பம் குடுங்க"ன்னு கேக்காதீங்க. நான் கேட்டேன். குடுத்துட்டாங்க, ஆள் பத்தாக்குறை. அதுலதான் வினை ஆரம்பிச்சது.

2. தனியா போகாதீங்க

ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும், சபையில ஆரம்பத்துலேருந்தே அதான் வழக்கம். சும்மா சம்பிரதாயத்துக்கு இல்ல. புருஷன் செத்துப்போன ஒரு பொண்ணு வீட்டுக்கு ஒரு ஆம்பள தனியா ரெண்டு தடவை போய்ட்டு வந்தா தெரு அந்தப் பொண்ணைத்தான் பேசும், நம்மள இல்ல. அதனால பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குப் போற ஜோடியில ஒருத்தராவது பெண்ணா இருக்கணும்.

எனக்கு ஜோடியா அமைஞ்சது ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க. பேச்சு கம்மி, முழங்கால் வலி வேற, மெதுவாத்தான் நடப்பாங்க. ஆரம்பத்துல எனக்கு எரிச்சலா இருக்கும், ஒரு சாயங்காலத்துல அஞ்சு வீடு முடிக்கலாமே இப்படி ரெண்டு வீட்டுலயே உக்காந்துட்டாங்களேன்னு. இப்ப நானே ரெண்டு வீட்டுக்கு மேல போறதில்ல. புதுசா வர்றவங்க உங்க வயசு ஆளோட ஜோடி சேராம இந்த மாதிரி பழைய ஆளோட சேர்ந்துக்கோங்க.

3. எப்ப போறது, கையில என்ன இருக்கக் கூடாது

என் முதல் சந்திப்பு இப்படித்தான் ஆச்சு. சனிக்கிழமை காலையில ஒம்பது மணி, டீச்சருக்கு உடம்பு சரியில்ல, நானும் இன்னொரு தம்பியும் பைக்ல போனோம். ஃபார்மல் பேண்ட், இன் பண்ணின சட்டை, தோள்ல ஆபீஸ் பேக், கையில நீளமா ஒரு ரெக்கார்டு நோட்டு. சந்துக்குள்ள வண்டி நுழையும்போதே மூணு வீட்டுக் கதவு பட்டுபட்டுன்னு சாத்துது. நாங்க போக வேண்டிய வீட்டுல ஒரு சின்னப் பிள்ளை வெளிய வந்து "அம்மா இல்ல, திருச்செந்தூருக்குப் போயிருக்கு"ன்னு மனப்பாடமா ஒப்பிக்குது, பின்னாடி அடுப்புல வெங்காயம் வதங்குற வாசம் வருது. குழு லோன் வசூல்காரங்கன்னு நினைச்சிட்டாங்க. அந்தத் தெருவுல சனிக்கிழமைதான் கட்டு நாள், அதாவது லோன் தவணை கட்டுற நாள்.

அதனால முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது அந்தத் தெருவோட வாரக் கட்டு என்னைக்குன்னு. அன்பியப் பொறுப்பாளர்ட்ட கேட்டா சொல்லிருவாங்க. அந்த நாளும் அதுக்கு முந்தின நாளும் போகாதீங்க, வீட்டுல இருக்கிறவங்க அன்னைக்கு மனுஷங்க மூஞ்சியவே பாக்கப் பிடிக்காத நிலைமையில இருப்பாங்க.

நேரம்: உப்பளத்துக்குப் போறவங்க விடியக்காலம் மூணு மணி வாக்குல கிளம்பிருவாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள வாரி முடிக்கணும்ல. பகல்ல வந்து சாப்பிட்டுப் படுத்தாங்கன்னா நாலு மணி வரைக்கும் தூக்கம். நீங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு லீவு நாள்னு போய் கதவைத் தட்டினா அவங்களோட ஒரே தூக்கத்தைக் கெடுக்குறீங்க. சாயங்காலம் நாலரைலேருந்து ஆறரைக்குள்ள சரியா இருக்கும். ஏழு மணிக்கு மேல சில வீட்டுல குடிச்சிட்டு வர்ற ஆள் வந்துருவார், அப்புறம் நம்ம அங்க உக்காந்திருக்கிறதே அந்தம்மாவுக்கு ராத்திரி பூரா பிரச்சனையாயிரும்.

வண்டியத் தெருமுனையில விட்டுட்டு நடந்து போங்க. நோட்டு, பேனா, ஐ.டி. கார்டு, சபை பேர் போட்ட டி-ஷர்ட், எதுவும் வேண்டாம். குறிக்க வேண்டியதை வெளிய வந்து ஃபோன்ல குறிச்சுக்கலாம். முதல் மூணு சந்திப்புக்கு சாமானும் கொண்டு போகாதீங்கன்னு நான் சொல்லுவேன், எங்க கிளையிலயே இதை ஒத்துக்காதவங்க உண்டு, வெறுங்கையோட போறது ஒரு மாதிரி இருக்கும்பாங்க. இருக்கட்டும். முதல் நாளே பையைக் குடுத்துட்டா அதுக்கப்புறம் அவங்க நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, பையத்தான் பாப்பாங்க, அதுல அவங்க தப்பு என்ன இருக்கு.

4. உள்ள போனதும்

செருப்பைக் கழட்டிட்டுப் போங்க, தரை மண்ணா இருந்தாலும். பாய் போட்டா பாயில உக்காருங்க. ஒரே ஒரு பிளாஸ்டிக் சேர்தான் இருக்கும், அதை எடுத்து நமக்குத்தான் போடுவாங்க, டீச்சருக்கு முழங்கால் வலி அதனால அவங்க சேர்ல, நான் தரையில.

டீயோ கலரோ குடுத்தா குடிச்சிருங்க. "வேண்டாம்க்கா, உங்களுக்கு எதுக்கு சிரமம்"னு நான் நல்லவன் மாதிரி மறுத்துக்கிட்டே இருந்தேன், ஒரு ஆச்சி முகத்துக்கு நேரா கேட்டுச்சு, "ஏய்யா, எங்க வீட்டுத் தண்ணி இறங்காதோ?" அன்னையிலேருந்து எங்க போனாலும் குடிக்கிறேன். பிள்ளையை அனுப்பிக் கடையில பாக்கெட் பால் கடன் சொல்லி வாங்கிட்டு வர்றது தெரிஞ்சாலும் குடிக்கிறேன், அடுத்த தடவை அந்தப் பாலுக்கு வேற வழியில ஈடு பண்ணிக்கலாம்.

கேக்கக் கூடாத கேள்விங்க சிலது இருக்கு. மாசம் எவ்வளவு வருமானம், எவ்வளவு கடன், ஏன் இத்தனை பிள்ளை, ஏன் பூசைக்கு வர்றதில்ல, இதெல்லாம். அவங்களா சொல்லுவாங்க, மூணாவது தடவையோ பத்தாவது தடவையோ. கேக்கலாம்னா பிள்ளைங்க எங்க படிக்கிது, சொந்த ஊர் எது, கால்ல என்ன கட்டு, இப்படி. உப்பளத்துல வேலை பாக்குறவங்க கால்ல அநேகமா புண்ணு இருக்கும், அதைப் பத்திக் கேட்டாலே அரை மணி நேரம் பேசுவாங்க. குறுக்க யோசனை சொல்லாதீங்க. எனக்கு இன்னும் இது சரியா வரல, யாராவது பிரச்சனை சொன்னா உடனே வாய் தொறந்துருது. டீச்சர் என் முழங்கையில லேசாத் தட்டுவாங்க.

சாமி விஷயம். நாங்க போற வீட்டுல பாதி நம்ம ஆளுங்க இல்ல, இந்துக்கள் உண்டு, ஒரு முஸ்லிம் குடும்பம் உண்டு. சபை மதம் பாக்குறதில்ல. அவங்களா "ஒரு ஜெபம் சொல்லுங்க"ன்னு கேட்டா சொல்லுங்க, கேக்காட்டி வேண்டாம், படம் குடுக்குறது ஜெபமாலை குடுக்குறது எல்லாம் கேட்டாத்தான்.

ஃபோட்டோ எடுக்கவே எடுக்காதீங்க. நான் வேற ஒரு குழுவோட ஒரு தடவை போயிருந்தேன், அஞ்சு கிலோ அரிசிப் பையை ஒரு வயசானவர் கையில குடுத்து எட்டு பேர் சுத்தி நின்னு ஃபோட்டோ, வெளிச்சம் சரியில்லன்னு பையைத் திரும்ப வாங்கி மறுபடியும் குடுத்தாங்க. ரெண்டாவது தடவை அவர் கேமராவையே பாக்கல. அந்தப் படம் வாட்ஸாப்ல சுத்தி அவர் பேரன் படிக்கிற ஸ்கூல் வரைக்கும் போயிருச்சு.

5. என்ன குடுக்குறது, எவ்வளவு செலவு

அரிசி குடுக்காதீங்க, அதாவது கேக்காம குடுக்காதீங்க. ரேஷன்ல அரிசி ஃப்ரீயாக் கிடைக்குது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. கார்டு இருக்கிற வீட்டுல அரிசிக்குப் பெரும்பாலும் பஞ்சமில்ல. நான் முதல் ஆறு மாசம் ஒரு அக்கா வீட்டுக்கு மாசாமாசம் பத்து கிலோ அரிசி சுமந்துட்டுப் போனேன், அந்த அக்கா மரியாதைக்கு வாங்கி வச்சு மாவு மில்லுல குடுத்துக் காசாக்கியிருக்காங்க, பின்னாடிதான் தெரிஞ்சது. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது கேஸ் சிலிண்டருக்குக் காசு, துணி சோப்பு, பெரிய மகளுக்கு நாப்கின், காலுக்கு மருந்து. வெட்கத்துல நாப்கின்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, இதுக்கும் ஜோடியில ஒரு பெண் வேணும்.

எங்க கிளைக் கணக்குல ஒரு வீட்டுக்கு மாசம் 700 ரூபா, இப்ப எட்டு வீடு எடுத்திருக்கோம். பணம் ரகசியப் பையிலேருந்தும் கோயில் ஏழைகள் உண்டியல்லேருந்தும் வருது, பத்தாதப்போ தலைவர் யார்ட்டயாவது போய் நிப்பார். மளிகைக் கடையில நம்ம போய் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறதை விட, அந்தத் தெருக் கடையிலேயே கணக்கு வச்சு அவங்களையே வாங்கிக்கச் சொல்றது நல்லா வேலை செய்யுது. கடைக்காரர் மட்டும் வாயை மூடிட்டு இருக்கிற ஆளா பாத்துக்கோங்க.

ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரிக் காசு இதெல்லாம் நேரா அந்தந்த இடத்துல கட்டி ரசீதை வாங்கிருங்க. வீட்டுக்காரங்க மேல சந்தேகம்னு இல்ல, கையில காசு இருக்குன்னு தெரிஞ்சா வீட்டுல இருக்கிற குடிக்கிற ஆளும் வட்டிக்காரனும் விட மாட்டான்.

சொந்தப் பணத்தைக் கைமாத்தாக் குடுக்காதீங்க. நான் ஒரு அம்மாவுக்கு 2,000 ரூபா குடுத்தேன், நல்ல எண்ணத்துலதான், "மெதுவாக் குடுங்க"ன்னு சொல்லித்தான். அதுக்கப்புறம் அவங்க வீட்டுக்குப் போறப்ப எல்லாம் அவங்க இல்ல. கோயில்ல என்னைப் பாத்தா பக்கவாட்டு வாசல் வழியாப் போயிருவாங்க. நாலு மாசம் இப்படி. கடைசியில டீச்சர் போய் "தம்பி அதைக் கடனாக் குடுக்கல"ன்னு பேசி முடிச்சாங்க, ஆனாலும் பழைய மாதிரி வரல. இப்ப யார் கேட்டாலும் "கூட்டத்துல சொல்றேன்க்கா, என் கையில முடிவு இல்ல"ன்னு சொல்லிருவேன். அது உண்மையும் கூட.

பழைய துணி: கிழிஞ்சது, பட்டன் இல்லாதது, ஜிப் போனது, இதையெல்லாம் சபைக்குத் தள்ளிவிடுறவங்க எல்லாப் பங்குலயும் இருப்பாங்க. வாங்காதீங்க.

6. பேப்பர் வேலை

இங்கதான் நான் வாங்கின அடி அதிகம். மாசம் 700 ரூபா சாமானை விட விதவை பென்ஷனோ முதியோர் பென்ஷனோ மாசம் 1,200 ரூபா பேங்க்ல வர்றது பெருசு, யார் கையையும் எதிர்பாக்க வேண்டாம். ஆனா நாலஞ்சு தடவை வீட்டுக்குப் போய்ப் பழகினதுக்கு அப்புறம் இதை ஆரம்பிங்க, போன உடனே ஆதாரைக் கேட்டா மறுபடியும் குழு லோன் கதைதான்.

ஆரம்பத்துல பென்ஷன் தள்ளிப்போச்சுன்னேனே, அந்த அக்காவோட வீட்டுக்காரர் இறந்து ரெண்டு வருஷம். நான் ஆர்வக்கோளாறுல ஒரே நாள்ல எல்லாத்தையும் அள்ளிட்டு இ-சேவை மையத்துக்குப் போய் விதவை பென்ஷனுக்கு அப்ளை பண்ணிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு ரிஜெக்ட். காரணம், ஆதார்லயும் ரேஷன் கார்டுலயும் அவர் பேர் அந்தோனி மிக்கேல், இறப்புச் சான்றிதழ்ல வெறும் மைக்கேல். தெருவுல கூப்பிடுற பேரைச் சொல்லிப் பதிஞ்சிருக்காங்க. ஞானஸ்நானப் பேர் ஒண்ணு, வீட்டுப் பேர் ஒண்ணு, ஸ்கூல்ல போட்ட பேர் ஒண்ணுன்னு நம்ம ஆளுங்களுக்கு மூணு பேர் இருக்கும், எந்தப் பேப்பர்ல எது இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். மாநகராட்சியில திருத்தம் போட்டு வாங்கவே ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, அப்புறம் புதுசா அப்ளிகேஷன், மறுபடி விசாரணை. ஏழு மாசம் போச்சுன்னேன்ல, இதான்.

அதனால ஆர்டர் இப்படி வச்சுக்கோங்க.

முதல்ல ஆதார்ல இருக்கிற மொபைல் நம்பர் உயிரோட இருக்கான்னு பாருங்க. பாதி வீட்டுல அது செத்துப்போன புருஷனோட நம்பரா இருக்கும், இல்ல ரீசார்ஜ் பண்ணாம போன சிம்மா இருக்கும். ஓ.டி.பி. வராம எந்த வேலையும் நகராது. ஆதார் மையத்துல அவங்களே நேர்ல வந்து மாத்தணும், நூறு ரூபாய்க்குள்ள முடியும், ஆனா அரை நாள் கூலி போயிரும், அந்தக் கூலியையும் கணக்குல சேத்துக்கோங்க. நான் சேக்காம விட்டேன்.

ரெண்டாவது எல்லாப் பேப்பரையும் தரையில வரிசையா விரிச்சு வச்சு பேர், அப்பா பேர், பிறந்த தேதி, கதவு நம்பர் நாலையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஆதார், ரேஷன் கார்டு, வோட்டர் ஐ.டி., பேங்க் பாஸ்புக், இறப்புச் சான்றிதழ். ஒரு எழுத்து மாறினாலும் திருத்திட்டுத்தான் அடுத்தது. ரேஷன் கார்டுல இறந்தவர் பேரை நீக்கிட்டாங்களான்னும் பாருங்க, அதுக்குக் காசு கிடையாது.

மூணாவது இறப்புச் சான்றிதழே இல்லாத வீடு. கல்லறை ரெஜிஸ்டர்லேருந்து கோயில்ல குடுக்குற சீட்டு இருக்கும், அதை வச்சு அரசாங்கச் சான்றிதழ்னு நினைச்சிட்டு இருப்பாங்க. அது ஆதாரமாக் காட்ட உதவும், சான்றிதழ் ஆகாது. இறந்து 21 நாளுக்குள்ள பதிஞ்சா ஃப்ரீ, ஒரு வருஷம் தாண்டிட்டா ஆர்.டி.ஓ. (வண்டி ஆபீஸ் இல்ல, வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வரைக்கும் போகணும். நம்ம எடுத்திருக்கிற வீட்டுல ஒரு சாவு விழுந்தா அந்த வாரமே இதை மட்டும் ஞாபகப்படுத்திருங்க, அடக்கப் பூசை முடிஞ்ச கையோட.

இதெல்லாம் முடிஞ்சப்புறம் இ-சேவை. வருமானச் சான்று மாதிரி வருவாய்த்துறைச் சான்றுகளுக்கு 60 ரூபா. அதுக்கு மேல கேட்டா ரசீது கேளுங்க, ரசீதுன்னதும் தொகை குறைஞ்சிரும். சான்று வர எங்க அனுபவத்துல பத்துப் பதினஞ்சு நாள். பென்ஷனுக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரிச்சு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார்ட்ட போகும், மூணு மாசம் வரைக்கும் பொறுங்க. நகரலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள்ல மனு. மனு அந்த அக்கா பேர்ல இருக்கணும், அவங்களே குடுக்கணும், நம்ம பின்னாடி நின்னாப் போதும். நான் எனக்கு இங்கிலீஷ் வரும்னு முன்னாடி போய்ப் பேசினேன், "நீங்க யாரு?"ன்னு கேட்டாங்க, பதில் இல்ல.

மருத்துவக் காப்பீட்டு கார்டு இருக்கான்னு உடம்பு நல்லா இருக்கும்போதே பாத்துருங்க. வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல 5 லட்சம் வரைக்கும் உண்டு, கோரம்பள்ளம் கலெக்டர் ஆபீஸ்லயே எடுத்துக்கலாம், வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் வேணும். காலேஜ் போற பிள்ளை இருந்தா புதுமைப் பெண், பையன்னா தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூபா. நம்ம மறைமாவட்டத்து எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்ச பிள்ளைங்களுக்கும் இப்ப உண்டு, கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கு மட்டும்தான்னு நினைச்சு விட்டுறாதீங்க.

அலைச்சலுக்கு டவுன் பஸ் போதும், பெண்களுக்குக் காசு கிடையாது, என்னை மாதிரி ஆம்பளைங்களுக்குத்தான் காசு. பைக்ல பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க, ரெண்டாவது பாயிண்ட்ல சொன்ன காரணம்தான். ஒரிஜினல் எதையும் நம்ம கையில வச்சுக்காதீங்க, ஒரு ராத்திரி கூட. ஜெராக்ஸ் எடுத்துட்டு அங்கேயே திருப்பிக் குடுத்துருங்க.

7. எந்த மாசம் என்ன கஷ்டம்

கிறிஸ்மஸுக்கும் தவக்காலத்துக்கும் பங்குல எல்லாரும் அள்ளிக் குடுப்பாங்க. நவம்பர்ல உலக வறியோர் நாள் வருது, 2017-லேருந்து, அன்னைக்கு கோயில்ல சாப்பாடு போடுவாங்க. ஆனா கஷ்டம் அந்தத் தேதியப் பாத்தா வருது. எங்க ஊர்ல ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், அது முடியுறதுக்குள்ள ஸ்கூல் திறந்துரும், நோட்டு, யூனிஃபார்ம், செருப்புன்னு எல்லாம் ஒரே வாரத்துல வந்து நிக்கும். ஜூலை 26 பனிமய மாதா கொடியேத்தம், ஆகஸ்ட் 5 திருவிழா, சொந்தக்காரங்க வருவாங்க, கடன் வாங்கியாவது கறி எடுப்பாங்க, அதைப் போய்க் குறை சொல்லாதீங்க, நம்ம வீட்டுலயும் அதேதான். அக்டோபர்லேருந்து டிசம்பர் மழையில உப்பளம் படுத்துரும். அந்த மூணு மாசத்துக்குன்னு அரசாங்கம் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபா நிவாரணம் குடுக்குது, நல வாரியப் பதிவு சரியா இருக்கான்னு செப்டம்பருக்குள்ள பாத்துருங்க, மழை ஆரம்பிச்சப்புறம் ஓடினா லேட்டு.

எங்க கிளையில இப்ப கிறிஸ்மஸ் வரவுல பாதியை எடுத்து ஜூனுக்குன்னு தனியா வச்சிருக்கோம். இதுக்கே ரெண்டு கூட்டம் சண்டை நடந்துச்சு.

8. நாள் தவறக் கூடாது, வெளிய பேசக் கூடாது

எனக்கு ஆபீஸ்ல ஆடிட் வந்து மூணு ஞாயிறு போகல. சொல்லவும் இல்ல. டீயை வச்சு என்னைக் கேட்டுச்சே அதே ஆச்சி, மூணு ஞாயிறும் சாயங்காலம் வாசல் தெளிச்சு சேரை எடுத்து வெளிய போட்டிருக்கு, பக்கத்து வீட்டுல சொன்னாங்க. போக முடியலன்னா முன்னாடியே சொல்லுங்க, ஃபோன் இல்லாத வீடுன்னா பக்கத்து வீட்டுல சொல்லி விடுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் முடியும்னா அப்படியே சொல்லிட்டுப் போங்க, வாரா வாரம் வர்றேன்னு வீராப்பா சொல்லாதீங்க.

அந்த வீட்டுல கேட்டதைக் கூட்டத்துக்கு வெளிய பேசாதீங்க, உங்க வீட்டுலயும்தான். எங்க அறிக்கை நோட்டுல குடும்பத்துக்கு நம்பர்தான், பேர் கிடையாது. சின்ன ஊரு, மூணாம் நம்பர் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்தான், இருந்தாலும் நம்பர்தான்.

9. நம்ம கையில இல்லாதது

அடிதடி நடக்குற வீடு, பிள்ளைங்களை வேலைக்கு அனுப்புற வீடு, சாகப்போறேன்னு யாராவது சொல்ற வீடு, இதையெல்லாம் ஜெபம் பண்ணி ஆறுதல் சொல்லிட்டு வந்துறாதீங்க. பெண்களுக்கு 181, பிள்ளைங்களுக்கு 1098, வயசானவங்களுக்கு 14567, மனசு சம்பந்தப்பட்டதுக்கு 14416. ஃபோன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க. அன்னைக்கே தலைவர்ட்டயும் ஃபாதர்ட்டயும் சொல்லிருங்க. ஆம்பளை குடிச்சிட்டு நிக்கும்போது புத்தி சொல்லப் போகாதீங்க, நம்ம போனதுக்கப்புறம் அடி வாங்குறது வேற ஆள்.

10. எப்ப நிறுத்துறது

வருஷத்துக்கு ஒரு தடவை எந்த வீட்டுக்கு இன்னும் வேணும், எதுக்கு வேண்டாம்னு கூட்டத்துல பேசுவோம். நம்மளா போய் "இந்த மாசத்தோட முடிஞ்சது"ன்னு திடீர்னு சொல்லக் கூடாது, ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பேச்சுவாக்குல சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்.

பென்ஷன் அக்கா விஷயத்துல அவங்களே முந்திக்கிட்டாங்க. பென்ஷன் நாலு மாசம் ஒழுங்கா வந்தப்புறம், பெரிய மகளுக்கும் காலேஜ்ல ஆயிரம் ரூபா வர ஆரம்பிச்சதும், ஒரு நாள் டீச்சர்ட்ட, "அடுத்த மாசத்துலேருந்து கடைக் கணக்கை நிறுத்திருங்க டீச்சர், ஞாயித்துக்கெழம மட்டும் வந்துருங்க"ன்னாங்க. செயலர் நோட்டுல தொகைன்னு இருக்கிற கட்டத்துல என்ன எழுதுறதுன்னு கேட்டார், ஒரு கோடு போடச் சொன்னோம்.

போன மாசம் அந்த அக்காவே பின் தெருவுல ஒரு தாத்தா தனியா இருக்கார், சமைக்கிறதே இல்லன்னு எங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி திரும்பி என் கையில நோட்டு ஏதும் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கிட்டாங்க.